அடியில் ஒட்டிய பெயர்

அடக்கம் முடிந்த மறுநாள்
கண்ணாடித் தட்டுகள் வரத் தொடங்கின.
முதலில் பாலத்தடி வீட்டு எய்னோ.
இரண்டு கைகளிலும் துணி சுற்றிப் பிடித்தபடி
"சூடு, பார்த்து" என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.
சுப்பீரியர் ஏரிக்கரையில் ஆண்கள்
பனியைப் பற்றி மட்டும்தான் நீளமாகப் பேசுவார்கள்.

அம்மா,
பாதிரியார் உன்னைப் பற்றிப் பேசும்போது
ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னார்:
தொண்டு.
எனக்கு அந்தச் சொல்
ஆம்புலன்ஸ் கொட்டகைக்கு வெளியே
காரின் பின்னிருக்கையில்
கணக்குப் பாடம் எழுதிய இருட்டு.
விரல் விறைத்தால் எஞ்சினைப் போடு,
பத்து நிமிஷத்தில் அணைத்துவிடு என்று
சாவியை என்னிடம் தந்துவிட்டுப் போவாய்.
கண்ணாடியில் என் மூச்சு உறைந்ததும்
அதில் நகத்தால் பெருக்கல் போடுவேன்.

ஏழாவது பிறந்தநாளில்
நான் ஊதுவதற்குள்
உன் இடுப்பில் பேஜர் அலறியது.
"எரியட்டும், இதோ வந்துவிடுகிறேன்."
எரிந்து முடிந்தது.
கேக்கின் மேல் ஏழு மெழுகுக் குட்டைகள்.
அன்று மான் மோதிக் கவிழ்ந்த ட்ரக்கிலிருந்து
நீ இழுத்துப் போட்ட பையன்
நேற்று உன் பெட்டியைச் சுமந்த அறுவரில் ஒருவன்.
பேரன் எடுத்துவிட்டானாம்.
குல்லாவைக் கண்வரை இழுத்துவிட்டு அழுதான்.
அவனிடம் மெழுகைப் பற்றிச் சொல்ல
வாய் வரை வந்தது.
சொல்லவில்லை.

தாமிரச் சுரங்கம் மூடியதும்
அப்பா டெட்ராய்ட் போனார்.
முதலில் பணம் வந்தது,
பிறகு கடிதம் வந்தது,
பிறகு எதுவும் வரவில்லை.
பகலில் பள்ளிச் சமையலறை,
இரவில் விடுதியின் அழுக்குத் துணி,
இரண்டுக்கும் நடுவே மிஞ்சியதை
ஊருக்குக் கொடுத்தாய்.
ரத்த முகாம், தேர்தல் மேசை,
யாரும் வராத பியானோ கச்சேரிக்கு நாற்காலி அடுக்குவது.
"அந்த மிச்சம் என்னுடையது" என்று
பதினாறு வயதில் கத்தினேன்.
நீ பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை.
விடியலில் விழித்தால்
என் கட்டில் ஓரத்தில், பூட்ஸ்கூடக் கழற்றாமல்
உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தாய்.
பனி உருகி என் போர்வையெல்லாம் ஈரம்.
நகராமல் கிடந்தேன்.

மாலைக்குள் பத்தொன்பது தட்டுகள்.
உருளைக்கிழங்கு, மக்ரோனி, மீண்டும் உருளைக்கிழங்கு.
மூன்றாம் நாள் ஒன்றைக் கழுவிக்
கவிழ்த்து வைத்தபோது
அடியில் ஒரு நாடா.
நீல மையில் உன் கோணல் எழுத்து:
லெம்பி கங்காஸ்.
அடுத்ததைத் திருப்பினேன். லெம்பி கங்காஸ்.
பாதி நிறைந்திருந்தவற்றையும்
தலைக்கு மேல் தூக்கிப் பார்த்தேன்.
எல்லாம் உன்னுடையவை அம்மா.
நம் அலமாரி எப்போதும் காலியாக இருந்ததே,
நாம் ஏழை என்றல்லவா நினைத்திருந்தேன்!

எய்னோவை வழியில் பார்த்தேன்.
"உங்களிடம் எத்தனை வருஷமாக இருந்தது?"
"பதினொன்று. ஹில்மா போன குளிர்காலத்தில் கொண்டுவந்தாள்."
பூட்ஸ் நுனியால் பனியைக் கிளறினார்.
"வெறும் தட்டாகத் திருப்பக் கூடாதே.
எதைப் போட்டுத் தருவது என்று தெரியவில்லை."

ஒரு தட்டில் மட்டும், விளிம்பு உடைந்தது,
உன் பெயருக்குக் கீழே இன்னொரு பெயர்:
லெம்பியும் ரைலியும்.
யார் வீட்டுக்குப் போன தட்டோ,
எந்தச் சாவோ, பிரசவமோ தெரியாது.
அந்த நேரம் நான் எங்கே இருந்திருப்பேன் என்று மட்டும் தெரியும்.
காரில்.
வாசலைப் பார்த்துத் திட்டிக்கொண்டு.
உள்ளே நீ
இருவரும் கொடுத்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தாய்.

வெளியே யாரோ படியில் பூட்ஸைத் தட்டுகிறார்கள்.
மேசையில் இடமில்லை.
அடுப்பின் மேல் வைக்கச் சொல்ல வேண்டும்.